ஷாங்காய் என்றொரு வினைச்சொல்

ஜனவரி 11

இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களைப் பற்றிக் குறித்துவைக்க. பெயர், வயது, என்ன நோய், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், நாய் இருந்தால் அதன் பெயர். முன்பக்கத்திலிருந்து அதை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இதைத் தமிழில் எழுதுகிறேன். யாராவது கேட்டால் இலக்கணக் குறிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் குழுவுக்குத் தலைவன் குணேந்திரன். மலேசியத் தமிழன். தமிழ் நன்றாகப் பேசுவான், நடுநடுவே அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு லா போடுவான், வாசிக்கத் தெரியாது. மலாய்ப் பள்ளியில் படித்தவனாம். நான் வந்த இரண்டாம் நாள், என் பையில் அச்சடித்திருந்த ஜவுளிக்கடைப் பெயரைக் காட்டி இது தமிழ் எழுத்தா என்று கேட்டான். அதனால்தான் எனக்கு இந்தத் துணிச்சல்.

வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. நாசரேத்தில் போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். பயிற்சி மையத்தை மூடிவிட்டார்கள். பாங்காக்கில் விளம்பர வாசகம் எழுதும் வேலை என்று நம்பி விமானம் ஏறினேன். விமான நிலையத்திலிருந்து எட்டு மணி நேரம் கார். பிறகு எல்லையில் ஓர் ஆறு, அதில் ஒரு படகு. படகைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஏறாமல் நின்றிருக்கலாம். துப்பாக்கி வைத்திருந்தவன் என் மாணவர்களின் வயதுதான் இருப்பான். ஏறினேன்.

இங்கே என் பெயர் டேனியல். சிங்கப்பூரில் கப்பல் பொறியாளன், மனைவியை இழந்தவன். நியூசிலாந்தில் தனியாக இருக்கும் பெண்களோடு நான்கு செல்பேசிகளில் பேசிப் பழகி, தங்கத்தில் முதலீடு செய்யும் ஒரு செயலிக்குள் அவர்களை இழுக்க வேண்டும். செயலியும் பொய், தங்கமும் பொய்.

சட்டை துவைத்தேன். இரண்டே சட்டைதான் இருக்கிறது.

ஜனவரி 13

இன்று அடி இல்லை.

ஜனவரி 16

நேற்றும் முந்தாநாளும் மொட்டை மாடியில் நிறுத்தினார்கள். என்னிடம் இன்னும் ஒருத்தரும் சிக்கவில்லை என்பதற்காக. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறுங்காலோடு, தண்ணீர்க் கேனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். கை இறங்கினால் மின்சாரக் கம்பு. உள்ளங்கால் கொப்புளம் உடைந்து, நடந்தால் தரையில் ஒட்டுகிறது.

குணேந்திரன் களிம்பு கொண்டுவந்தான். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினான்.

"இங்க பாரு சார், நான் கெட்டவன் இல்ல லா. நானும் உன்ன மாதிரி ஏமாந்து வந்தவன்தான். ஊர்லேர்ந்து ஒரே ஒரு ஆள் கொண்டா. அப்புறம் உனக்கு மாடி கிடையாது. ஜன்னல் பக்கம் கட்டில். வீட்டுக்குப் பேசலாம். நான் அப்படித்தான் மேல வந்தேன்."

யோசிக்கிறேன் என்றேன். எதையும் முடிவு செய்யவில்லை. குளிக்க சோப்பு கேட்டேன், கொடுத்தான்.

ஜனவரி 19

மனைவி ஷீபாவோடு பேசினேன். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு குணேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேலை நன்றாக இருக்கிறது, சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம்.

பேச்சுவாக்கில் ஷீபாவேதான் தன் தம்பி டைட்டஸைப் பற்றி எடுத்தாள். செல்பேசி பழுதுபார்க்கும் கடையை மூடிவிட்டு ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறான். அங்கே அவனுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். நானாக எதையும் ஆரம்பிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். கம்பு வைத்திருக்கும் ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? டைட்டஸுக்கு ஆங்கிலம் சுமார்தான் என்பதையும் சொன்னேன். அதையும் சொன்னேன் என்று இங்கே குறித்துவைக்கிறேன்.

சாயங்காலம் என் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். ஆறு தெரிகிறது. அக்கரையில் ஒரு குன்று, அதன்மேல் பொன்னிறத்தில் ஒரு கோயில். இந்தக் கரையில் சிவப்புச் சேவல் படம் போட்ட சூதாட்ட விடுதி ஒன்று.

ஜனவரி 27

டைட்டஸுக்கு விசா வந்துவிட்டதா என்று குணேந்திரன் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 3

டைட்டஸ் வந்துவிட்டான்.

காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்குள் கொண்டுவந்து விட்டார்கள். புதுச் சட்டை, பளபளக்கும் ஷூ. ஷீபா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை வாசலிலேயே பிடுங்கித் தின்றுவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு என் காலைப் பார்த்தான்.

"அத்தான், இது என்ன இடம்? பாங்காக்குன்னுல்லா சொன்னாவ."

 சுற்றிலும் பார்த்தான். ஜன்னல் கம்பிகளை, மேசைகளை, கம்பு வைத்துக்கொண்டு நிற்பவனை. குரல் இறங்கிவிட்டது.

"நீங்களும் ஏமாந்துட்டியளா அத்தான்?"

தலையை ஆட்டினேன். அது பொய்யில்லை. நானும் ஏமாந்தவன்தான்.

குணேந்திரன் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து டைட்டஸின் தோளில் தட்டி, என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலை அவனுக்குக் கொடுத்தான்.

பிப்ரவரி 8

டைட்டஸுக்கு வேலை ஓடவில்லை. அவன் அனுப்பும் இரண்டாவது செய்தியிலேயே அந்தப் பெண்கள் தடுத்துவிடுகிறார்கள். தினமும் அடி. சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய செய்திகளையும் நானே எழுதிக்கொடுக்கிறேன்.

என் பட்டியலில் டோரின் என்று ஒருத்தி வந்திருக்கிறாள். வயது அறுபத்தேழு. திமாரு என்ற துறைமுக ஊர். கணவர் இளவயதில் கப்பலில் போனவர், பிறகு அந்தத் துறைமுகத்தில் கம்பளி மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். டோரின் முழு வாக்கியத்தில், முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறாள். காலையில் குறுக்கெழுத்துப் போட்டியை முடிக்காமல் வேறு எதையும் தொடமாட்டாளாம். இவள் பழுத்துவிட்டாள், இந்த மாதத்துக்குள் செயலிக்குள் கொண்டுவா என்கிறான் குணேந்திரன்.

பிப்ரவரி 12

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் இரண்டு மணி நேரம் ஓய்வு. கட்டிலில் படுத்தபடி டைட்டஸ் எதையாவது பேசச் சொன்னான். பேச்சு நின்றால் பயமாக இருக்கிறதாம். வகுப்பில் நடத்தும் பாடம் ஒன்றைச் சொன்னேன். ஊர்ப் பெயர்களிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள். நம்முடைய கள்ளிக்கோட்டையிலிருந்து காலிகோ துணி. மும்பையின் டோங்கிரியிலிருந்து டங்கரி என்ற முரட்டுத் துணி. பிறகு ஷாங்காய்.

ஷாங்காய் ஆங்கிலத்தில் ஊர் மட்டுமில்லை, வினைச்சொல்லும்கூட என்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் கப்பல் வேலைக்கு ஆள் கிடைக்காது. கரையில் ஒருவன் இன்னொருவனுக்கு மது வாங்கிக் கொடுப்பான். அதில் மயக்க மருந்து கலந்திருக்கும். குடித்தவன் கண்விழிக்கும்போது கப்பல் நடுக்கடலில் இருக்கும். அப்படிக் கிளம்பிய கப்பல்களில் பல ஷாங்காய்க்குப் போகிறவை என்பதால், ஒருவனை ஏமாற்றிக் கடத்தி வேலை வாங்குவதற்கே அந்த ஊரின் பெயர் வந்துவிட்டது என்கிறார்கள். வகுப்பில் இதை நடித்துக் காட்டுவேன். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

டைட்டஸ் சிரிக்கவில்லை.

"அப்பொ நம்மளையும் அப்படித்தான் ஷாங்காய் பண்ணிட்டானுவ," என்றான். பிறகு, "அந்தச் சாராயம் வாங்கிக் குடுத்தவனுக்கு ஏதும் பேரு உண்டா அத்தான்?" என்று கேட்டான்.

உண்டு, எனக்கு நன்றாகத் தெரியும். மறந்துபோய்விட்டது என்று சொன்னேன்.

பிப்ரவரி 16

டைட்டஸின் இடது காதில் அறைந்ததில் சவ்வு கிழிந்துவிட்டது போலிருக்கிறது. சீழ் வடிகிறது. அந்தப் பக்கம் பேசினால் கேட்கவில்லை. வைத்தியர் கிடையாது. பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டேன்.

குணேந்திரனிடம் போய் அவனை விட்டுவிடும்படி கேட்டேன். அவனுடைய பங்கையும் நானே செய்கிறேன் என்றேன்.

"அவன் பேர்ல பணம் போட்ட கேஸ் ஒண்ணுகூட விழல லா. மாசக் கடைசியில வடக்க இன்னொரு கம்பெனிக்கு மாத்திடுவாங்க. அங்கேர்ந்து யாரும் வீட்டுக்குப் பேசினதா நான் கேள்விப்படல. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

ஷீபாவின் முகத்தை நினைக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

பிப்ரவரி 17

நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் குணேந்திரனின் திரைக்கும் போகும். காவல்துறை, தூதரகம், உதவி, கடத்தல், அடைப்பு போன்ற சொற்கள் வந்தால் அங்கே சிவப்பாக எரியும். போன வாரம் கென்யாக்காரர் ஒருவர் அப்படித்தான் மாட்டினார். அவரை அதன்பிறகு பார்க்கவில்லை.

ஆனால் ஷாங்காய் சிவப்பாகாது. முதலாளிகள் சீனர்கள், பாதிப்பேர் அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறார்கள்.

மத்தியானம் டோரினுக்கு எழுதினேன். உனக்கு ஒரு குறுக்கெழுத்து, பத்து எழுத்து: விருப்பமில்லாமல் கடலுக்குப் போனவன். பிறகு இதையும் சேர்த்தேன்: நான் சொன்னதுபோல் சிங்கப்பூரில் இல்லை. டிசம்பரில் எனக்கு ஷாங்காய் ஆனது. என் மைத்துனனுக்கு இந்த மாதம் ஆனது.

அனுப்பியதும் அடுத்த பெண்ணுக்கு எழுத ஆரம்பித்தேன். 

பிப்ரவரி 18

டோரின் பதில் அனுப்பினாள். எங்கள் ஊரில் ஷாங்காய் என்றால் பையன்கள் கல்லெறியும் கவண், அதனால் என் வீட்டு ஜன்னல் இரண்டு முறை உடைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். அந்த நாட்டில் அப்படியும் ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது. இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே குணேந்திரன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். எதற்காக ஷாங்காய் ஷாங்காய் என்று எழுதிக்கொண்டிருக்கிறாய் என்றான்.  டோரினின் செய்தியைக் காட்டினேன். அவர்கள் ஊரில் கவணுக்கு அந்தப் பெயர், அதை வைத்து விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். படித்துப் பார்த்துச் சிரித்தான். நல்லா போகுது, விடாதே என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

அவள் புரிந்துகொள்ளாததால் நான் தப்பினேன். ஆனால் புரிந்துகொள்ளவில்லையே.

பிப்ரவரி 20

டோரினிடமிருந்து ஒன்றும் இல்லை. டைட்டஸுக்குக் காய்ச்சல்.

பிப்ரவரி 21

வந்துவிட்டது. இப்படி எழுதியிருந்தாள்: என் கணவர் இருந்திருந்தால் அந்தச் சொல்லின் இன்னொரு பொருளை உடனே சொல்லியிருப்பார். நான் அவருடைய பழைய அகராதியை எடுத்துப் பார்க்க மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். உன் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது?

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆற்றைப் பற்றியும், அக்கரைக் குன்றின் பொன்னிறக் கோயிலைப் பற்றியும், சிவப்புச் சேவலைப் பற்றியும் காதல் கடிதம்போல எழுதினேன். குணேந்திரன் படித்துவிட்டு, உனக்கு நல்லா வருது சார் என்றான்.

பிப்ரவரி 22

இன்று டோரின் ஒரே ஒரு வரி கேட்டிருந்தாள். உன் மைத்துனனுக்கு அதைச் செய்தது யார்?

செயப்பாட்டு வினை நடத்தும்போது மாணவர்களுக்குச் சொல்வேன்: இதில் ஒரு வசதி இருக்கிறது, செய்தவன் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி.

பதில் எழுதவில்லை.

பிப்ரவரி 24

பதில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் இரண்டே சொல்.

மாடியில் நின்ற கால், கம்பு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முதலில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் அந்த இரண்டு சொல்தான் மிஞ்சியது. நான்தான்.

அவள் என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. இனிமேல் எழுதாமல்கூட இருக்கலாம்.

பிப்ரவரி 26

மாற்ற வேண்டியவர்களின் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். ஐந்து பேர். நான்காவது டைட்டஸ். அவனிடம் சொல்லவில்லை, அவனே போய்ப் பார்த்துவிட்டான். சோறு வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். வண்டி நாளை மறுநாள்.

இப்போது டோரினிடம் பணம் கேட்டால் அது ஏமாற்று. கேட்காவிட்டால் டைட்டஸ் இல்லை. கேட்டேன். எதற்காக என்றும் சொன்னேன், எங்கள் குறுக்கெழுத்து மொழியில் எவ்வளவு சுற்றிச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுற்றி. தங்கம் விலை ஏறுவதற்குள் என் மைத்துனன் பெயரில் போட்டால் அவன் இந்த ஊரிலேயே இருக்கலாம், திரும்பி வராத பணம் இது என்று எழுதினேன்.

பிப்ரவரி 27

காலை எட்டு மணிக்கு டைட்டஸின் பெயரில் பணம் விழுந்தது. டோரின் எழுதியிருந்தாள்: வீட்டுக் கூரையை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம், ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். நீ செய்தது என்ன என்று நீயே சொல்லிவிட்டாய், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இனி அவனுடைய கணக்கு எண்ணை அனுப்பு.

குணேந்திரன் டைட்டஸின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். கூடத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

மார்ச் 1

அவள் கேட்டது பாஸ்போர்ட் எண். டைட்டஸுக்கு மனப்பாடம், விசாவுக்காக எத்தனை படிவத்தில் எழுதியிருக்கிறான். அதை முதலீட்டுக் கணக்கு எண்போல, முழுப் பெயரோடு அனுப்பினேன். வெலிங்டனில் இப்படிப்பட்ட கணக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. அங்கே இருக்கும் நம் தூதரகத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள். உன்னுடையது எங்கே என்று கேட்டிருந்தாள்.

இரண்டு எண் போனால் சந்தேகம் வரும். அதனால்தான் அனுப்பவில்லை.

மார்ச் 6

காதில் சீழ் குறைந்திருக்கிறது. கேட்கவில்லை.

மார்ச் 13

இதை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணிக்கு இந்தப் பகுதியை ஆளும் படைக்காரர்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். கையில் ஒரு தாள். அக்கரை நாட்டிலிருந்து அழுத்தம் என்று குணேந்திரன் முணுமுணுத்தான். கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர் வாசித்தார்கள். பதினொரு பெயர், பல நாடு. ஏழாவதாக டைட்டஸ் பெயர்.

கேட்காத காது வாசித்தவன் பக்கம் இல்லாததால் அவனுக்கே கேட்டுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். வாசித்து முடித்து, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். டைட்டஸ் நகரவில்லை.

"அத்தான் பேரு வரலியே. நான் போவமாட்டேன். உங்கள விட்டுட்டுப் போயி அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

போ என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். படைக்காரன் அதட்டினான். மற்ற பத்துப் பேரும் ஏற்கெனவே வண்டியில் ஏறியாயிற்று. டைட்டஸ் இன்னும் இறுக்கமாகப் பிடித்தான். சின்ன வயதில் ஷீபாவோடு கோயிலுக்கு வரும்போது இப்படித்தான் யார் கையையாவது பிடித்தபடி வருவான் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அப்போது சொல்லிவிட்டேன்.

"உன்னய இங்க வரவழைச்சது நான்தான் டைட்டஸு. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் உங்க அக்காட்ட வேலை இருக்குன்னு சொன்னேன். அதுக்குத்தான் அந்த ஜன்னல் கட்டில் குடுத்தானுவ."

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்படுகிறவனைப்போல. பிறகு கையை விட்டான்.  அடிக்கவாவது செய்வான் என்று நின்றேன். திரும்பி நடந்துபோய் வண்டியில் ஏறினான். வண்டி வாசலைத் தாண்டும்வரை அவன் முதுகுதான் தெரிந்தது.

மார்ச் 14

பக்கத்துக் கட்டிலில் எத்தியோப்பியாக்காரர் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். தலையணை உறை துவைத்தேன்.

மார்ச் 20

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 28

டோரின் தினமும் கேட்கிறாள், உன் எண் எங்கே என்று. வானிலை பற்றிப் பதில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2

குணேந்திரன் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். குழுவில் ஆள் குறைந்துவிட்டது, போன தடவை மாதிரி இன்னொருத்தனைக் கொண்டுவா என்றான். செல்பேசியை மேசையில் வைத்து அவனே ஷீபாவின் எண்ணை அழுத்தினான். ஒலிபெருக்கி.

எடுத்தது டைட்டஸ்.

யார் என்று கேட்டான். நான்தான் என்றேன்.  தூரத்தில் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று ஓடும் ஒலி கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 

"அக்கா கடைக்குப் போயிருக்கா," என்றான். "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அது என் வாயால வராது. நீங்கதான் வந்து சொல்லணும்."

வைத்துவிட்டான்.

குணேந்திரன் இருவர் பேசியதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். முகம் மாறிவிட்டது.  அவன் யாரைக் கொண்டுவந்தான் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"சரி, வேற யாருக்காச்சும் பேசு," என்றான். "ஃபிரண்டு, ஸ்டூடன்ட், யாரா இருந்தாலும் பரவால்ல."

முடியாது என்றேன். மாடிதான், தெரியுமில்ல என்றான். தெரியும் என்றேன். இந்தத் தடவை மூன்று நாள் என்றான். நாளைக் காலை ஆறு மணிக்கு.

என் இருக்கைக்குத் திரும்பினேன். வேலை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. டோரின் இணைப்பில் இருந்தாள். என் முழுப் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதி, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து அனுப்பினேன்.